ஸ்ட்ரீமரின் பவர் சப்ளையும் கிளாக்கும்: எதை முதலில் சரிசெய்வது?

ஸ்ட்ரீமர் (நெட்வொர்க்கிலிருந்து பாட்டை எடுத்துத் தரும் கருவி) வாங்கிய சில வாரங்களில் பலரும் வந்து நிற்கும் கேள்வி ஒன்று உண்டு: "எந்த லீனியர் பவர் சப்ளை வாங்கலாம்?" (ஸ்விட்சிங் அடாப்டருக்குப் பதிலாக, டிரான்ஸ்ஃபார்மரும் மின்னழுத்தத்தை நிலையாக வைக்கும் ரெகுலேட்டரும் கொண்ட மின்பெட்டி அது.) பதிலுக்கு நான் ஒன்று கேட்பேன்: "உங்கள் செட்டில் ஒலியைத் தீர்மானிக்கிற கிளாக் எந்தப் பெட்டிக்குள் இருக்கிறது?" பெரும்பாலும் அங்கே பேச்சு நின்றுவிடும். கிளாக் என்பது சீரான துடிப்புகளால் நேரம் குறிக்கும் சுற்று.

புதியவர்களோடு உட்கார்ந்து பார்த்ததில் எனக்குப் புரிந்தது இதுதான்: பாகங்கள் மோசமாக இருப்பதால் வரும் ஏமாற்றத்தைவிட, வரிசை மாறிப்போவதால் வரும் ஏமாற்றம்தான் அதிகம். கடைசியில் வாங்க வேண்டியதை முதலில் வாங்கிவிடுகிறார்கள். காசில்லாமல் முதல் நாளே முடித்திருக்க வேண்டிய வேலை அப்படியே கிடக்கிறது. கீழே உள்ளவற்றை இதே வரிசையில் செய்யுங்கள். நடுவில் பிரச்சினை தீர்ந்துவிட்டால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

1. எடுத்து வைத்துக்கொள்ள வேண்டியவை

ஒரு மல்டிமீட்டர். ஏசி, டிசி வோல்ட் இரண்டையும் அளந்தால் போதும். ஷீல்டு இல்லாத சாதாரண ஈதர்நெட் கேபிள் ஒன்று. டிஏசியில் (டிஜிட்டல் தகவலை ஒலிச் சிக்னலாக மாற்றும் கருவி) ஆப்டிகல் உள்ளீடு இருந்தால் ஓர் ஆப்டிகல் கேபிள். 5 வோல்ட் ஸ்ட்ரீமர் என்றால், அதற்குத் தேவையான ஆம்பியரைத் தரக்கூடிய பவர் பேங்க் ஒன்று. இது பாட்டுக் கேட்பதற்கு அல்ல, குறையைக் கண்டுபிடிப்பதற்கு. ஏன் என்று 5ஆம் படியில் தெரியும்.

அப்புறம் ஒரு நோட்டு. என்ன மாற்றினோம், மாற்றும் முன் எவ்வளவு இருந்தது, பின் எவ்வளவு ஆனது என்று எழுதி வையுங்கள். ஒரே நாளில் மூன்றை மாற்றிவிட்டு "நல்லாயிருக்கு" என்றால், எது நல்லது செய்தது என்று உங்களுக்கே தெரியாது.

பாதுகாப்புக்கு இரண்டே விதிகள். அடாப்டரையோ சப்ளையையோ பிரித்து வீட்டு மின்சாரம் ஓடும் பக்கத்தில் கை வைக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெபாசிட்டரில் மின்னழுத்தம் தங்கியிருக்கும். ஹம் (ஸ்பீக்கரில் வரும் ரீங்காரம்) போகிறது என்பதற்காக எந்தப் பிளக்கிலும் எர்த் பின்னை வெட்டாதீர்கள், டேப் ஒட்டி மறைக்காதீர்கள். உயிரைக் காக்க வைத்த பின் அது.

2. கிளாக் எங்கே இருக்கிறது என்று வரைந்து பாருங்கள்

ஒரு செட்டில் ஏராளமான கிளாக்குகள் ஓடுகின்றன: ரவுட்டரில் ஒன்று, ஸ்விட்சில் ஒன்று, ஸ்ட்ரீமரின் பிராசஸருக்கு ஒன்று, நெட்வொர்க் சிப்புக்கு ஒன்று. ஆனால் காதுக்கு வரும் ஒலியை நேரடியாகப் பாதிப்பது ஒன்றுதான். அது டிஏசி சிப்பிடம் "இந்தச் சாம்பிளை இப்போது மாற்று" என்று சொல்லும் கிளாக் (சாம்பிள் என்பது ஒரு கணத்தின் ஒலி அளவு; நொடிக்கு எத்தனை என்பது சாம்பிள் ரேட்). இந்த "இப்போது" கொஞ்சம் முன்னே பின்னே ஆடுவதைத்தான் ஜிட்டர் என்கிறோம். மற்ற கிளாக்குகள் தகவலைக் கொண்டுவந்து சேர்த்தால் போதும்.

நம்பாவிட்டால் ஒரு சோதனை செய்யுங்கள். பாட்டு ஓடும்போது ஈதர்நெட் கேபிளைப் பிடுங்குங்கள். பெரும்பாலான ஸ்ட்ரீமர்களில் பாட்டு உடனே நிற்காது, சில நொடிகளாவது ஓடும். ஒலித் தகவல் பொதி பொதியாக வந்து நினைவகத்தில் தேங்கி, அங்கிருந்துதான் வாசிக்கப்படுகிறது. கேபிள் இல்லாமலே பாட்டு ஓடும்போது, அந்தக் கேபிளின் மறுமுனையில் இருக்கும் ஸ்விட்சின் கிளாக் எப்படி இருந்தால் என்ன?

இனி உங்கள் இணைப்பு எது என்று பாருங்கள்.

யூஎஸ்பி வழியாகத் தனி டிஏசி: இன்றைய டிஏசிகள் அநேகமாக எல்லாமே அசிங்க்ரனஸ் முறையில் இயங்குகின்றன. அதாவது டிஏசி தன் கிளாக்கை வைத்துக்கொண்டு, "கொஞ்சம் வேகமாக அனுப்பு, கொஞ்சம் மெதுவாக அனுப்பு" என்று ஸ்ட்ரீமருக்குச் சொல்கிறது. எஜமான் டிஏசிதான். இந்த இணைப்பில் ஸ்ட்ரீமரின் கிளாக்கை மேம்படுத்தச் செலவழிக்கும் பணம் வீண்.

கோஆக்சியல் அல்லது ஆப்டிகல்: இங்கே கதை மாறுகிறது. தகவலும் நேரமும் ஒரே சிக்னலில் பின்னிப் பிணைந்து வருகின்றன. டிஏசி அந்தச் சிக்னலிலிருந்தே கிளாக்கைப் பிரித்தெடுக்க வேண்டும். ஆகவே ஸ்ட்ரீமரின் கிளாக் இங்கே முக்கியம். அது எவ்வளவு முக்கியம் என்பது, வரும் ஜிட்டரை டிஏசி எவ்வளவு வடிகட்டுகிறது என்பதைப் பொறுத்தது. நன்றாக வடிகட்டும் டிஏசியில் வித்தியாசம் அளவீட்டில்கூடத் தெரியாமல் போகலாம்.

சிறு கணினிப் பலகையின் மேல் செருகும் டிஏசி போர்டு: ராஸ்பெர்ரி பை போன்ற பலகையின் உள் கிளாக்கை 44.1 கிலோஹெர்ட்ஸுக்குத் தேவையான அளவுக்கு மீதியில்லாமல் வகுக்க முடியாது. அதனால் வகுப்பான் ஒருமுறை சிறிய எண்ணாலும் அடுத்த முறை பெரிய எண்ணாலும் வகுத்துச் சராசரியைப் பிடிக்கிறது. சராசரி சரி, ஒவ்வொரு துடிப்பும் சரியல்ல. இதைத் தவிர்க்கத்தான் நல்ல போர்டுகளில் இரண்டு ஆசிலேட்டர்கள் (கிளாக் துடிப்பை உருவாக்கும் பாகங்கள்) இருக்கும்: 44.1 குடும்பத்துக்கு 22.5792 அல்லது 45.1584 மெகாஹெர்ட்ஸ், 48 குடும்பத்துக்கு 24.576 அல்லது 49.152 மெகாஹெர்ட்ஸ். 22.5792 என்பது 44.1 கிலோஹெர்ட்ஸின் சரியாக 512 மடங்கு, அதனால் வகுத்தலில் மீதி வராது.

இந்த இடத்தில் அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று: மென்பொருளில் போர்டின் மாடலைத் தேர்ந்தெடுக்கும்போது, பட்டியலில் முதலில் கண்ணில் படும் பொதுவான டிஏசியைத் தேர்ந்துவிடுவது. பாட்டு வரும். ஆனால் போர்டு தன் ஆசிலேட்டர்களை ஒதுக்கிவிட்டுப் பலகையின் கிளாக்கையே பிடித்துக்கொண்டு ஓடக்கூடும். நல்ல கிளாக்குக்காகக் கூடுதல் காசு கொடுத்து வாங்கி, அது ஒருநாள்கூட வேலை செய்யாமல் கிடந்த செட்டைப் பார்த்திருக்கிறேன்.

எல்லாம் ஒரே பெட்டியில் உள்ள ஸ்ட்ரீமர் என்றால் கிளாக்கும் டிஏசியும் ஒரே பலகையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். வெளியிலிருந்து செய்ய ஒன்றுமில்லை. அடுத்த படிக்குப் போகலாம்.

3. மென்பொருள் தகவலை மாற்றாமல் அனுப்புகிறதா?

ஜிட்டர் செய்யும் கெடுதலைவிடப் பல மடங்கு கெடுதலை ஒரு தவறான அமைப்பு செய்துவிடும். 44.1 கிலோஹெர்ட்ஸ் பாட்டு எல்லாம் 48 ஆக மாற்றப்படுவது, மென்பொருள் வால்யூம் பாதியில் நிற்பது, ஒலி அளவைச் சமன்படுத்தும் வசதி பின்னணியில் ஓடுவது, மறந்துபோன ஈக்வலைசர். இவற்றைச் சரிபார்க்காமல் வன்பொருளைத் தொடாதீர்கள்.

டிஏசியின் முகப்பில் சாம்பிள் ரேட் காட்டினால் வேலை சுலபம். 44.1, 96, 192 என மூன்று விதக் கோப்புகளை ஓடவிட்டுப் பாருங்கள். எண் ஒவ்வொரு முறையும் மாற வேண்டும். எதைப் போட்டாலும் 48 என்றே நின்றால் நடுவில் யாரோ மாற்றுகிறார்கள் என்று பொருள்.

இன்னும் உறுதியான வழி ஒன்று இருக்கிறது. டிடிஎஸ் சிடியிலிருந்து (சரவுண்டு ஒலியைக் குறியீடாகப் பதிந்த சிடி) எடுத்த கோப்பைக் கோஆக்சியல் அல்லது ஆப்டிகல் வழியாக ஹோம் தியேட்டர் ரிசீவருக்கு அனுப்புங்கள். ரிசீவர் டிடிஎஸ் என்று அடையாளம் கண்டு பாடினால் தகவல் மாறாமல் வந்து சேர்கிறது. வெறும் இரைச்சல் வந்தால் வழியில் ஏதோ மாறிவிட்டது. அந்த இரைச்சல் காதைக் கிழிக்கும், வால்யூமைக் குறைத்து வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

ஒரு விதிவிலக்கு: அறைக்கு ஏற்ற திருத்தத்தை நீங்களே வேண்டுமென்று போட்டிருந்தால் அது மாற்றம்தான், ஆனால் குறை அல்ல. சோதனை முடியும்வரை மட்டும் அணைத்து வையுங்கள்.

4. ஸ்ட்ரீமரின் வாசலில் எத்தனை வோல்ட் வருகிறது?

பவர் சப்ளையின் "தரம்" பற்றிப் பேசும் முன், போதுமான மின்னழுத்தம் வந்து சேர்கிறதா என்று பார்க்க வேண்டும். அடாப்டரின் முனையில் அளப்பதில் பயனில்லை. பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது, ஸ்ட்ரீமரின் பக்கத்தில் அளக்க வேண்டும்.

காரணம் கேபிள். 0.33 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பிக்கு ஒரு மீட்டருக்குச் சுமார் 0.05 ஓம் தடை. போக ஒன்று, வர ஒன்று என்று ஒரு மீட்டர் கேபிளில் 0.1 ஓம். 2 ஆம்பியர் ஓடினால் 0.2 வோல்ட் வழியிலேயே போய்விடும். 5.1 வோல்ட் புறப்பட்டு 4.9 தான் சேரும். அதோடு தளர்ந்த பிளக் ஒன்றும் சேர்ந்தால் இன்னும் கீழே. ராஸ்பெர்ரி பை சுமார் 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனால் குறை மின்னழுத்த எச்சரிக்கை காட்டும், பிராசஸரின் வேகத்தையும் குறைத்துக்கொள்ளும். நடுநடுவே பாட்டு துண்டுபடுவது, யூஎஸ்பி டிஏசி காணாமல் போய்த் திரும்ப வருவது எல்லாவற்றுக்கும் இதுவே காரணமாக இருக்கலாம். மல்டிமீட்டர் சராசரியைத்தான் காட்டும், கண நேரச் சரிவுகளைக் காட்டாது. அதனால் எல்லையை ஒட்டி நிற்கும் எண்ணை நம்பாதீர்கள்.

பிளக்கையும் பாருங்கள். வட்டமான டிசி பிளக்குகள் பெரும்பாலும் வெளியே 5.5 மில்லிமீட்டர்தான், உள்ளே 2.1, 2.5 என்று இரண்டு அளவு உண்டு. 2.5 பிளக் 2.1 ஜாக்குக்குள் போகும், ஆனால் பிடிப்பு இருக்காது. தொட்டால் அணைந்து எரியும் ஸ்ட்ரீமருக்கு இது ஒரு வழக்கமான காரணம். புது சப்ளை என்றால் நடுப் பின் பாசிட்டிவா, வோல்ட் சரியா என்று ஸ்ட்ரீமரில் செருகும் முன் மீட்டரில் பார்த்துவிடுங்கள். செருகிவிட்டு அளந்தவர்கள் புது ஸ்ட்ரீமரும் சேர்த்து வாங்க வேண்டியிருக்கும்.

டிஏசி தன் மின்சாரத்தை ஸ்ட்ரீமரின் யூஎஸ்பியிலிருந்தே எடுக்கிறதா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். யூஎஸ்பி 2 போர்ட் தர வேண்டியது 500 மில்லிஆம்பியர்தான். அதை ஒட்டி இழுக்கும் டிஏசிக்குத் தனி மின் உள்ளீடு இருந்தால் அதைப் பயன்படுத்துவது நல்லது. பிராசஸருக்கும் டிஏசிக்கும் ஒரே 5 வோல்ட் என்றால், பிராசஸரின் ஒவ்வொரு துள்ளலும் டிஏசியின் வாசலுக்கு வந்துவிடும்.

5. கிரவுண்ட் வழியாக வரும் இரைச்சல்

என் அனுபவத்தில், "சப்ளை மாற்றியதும் ஒலி சுத்தமாகிவிட்டது" என்ற கதைகளில் உண்மையானவை பெரும்பாலும் இங்கேதான் பிறக்கின்றன. மாறியது டிசியின் சுத்தம் அல்ல, கிரவுண்டில் ஓடிய மின்னோட்டத்தின் பாதை.

எர்த் பின் இல்லாத ஸ்விட்சிங் அடாப்டர்களில் வீட்டு மின்சாரப் பக்கத்துக்கும் டிசி பக்கத்துக்கும் நடுவில் பொதுவாக ஒரு சிறு கெபாசிட்டர் இருக்கும். ரேடியோ இடையூறைக் குறைக்க வைத்தது. அதன் வழியாக மிகச் சிறிய மின்னோட்டம் கசியும். இதனால்தான் சில கருவிகளின் உலோக உடலை வருடினால் விரலில் ஒரு குறுகுறுப்பு. இந்தக் கசிவு எர்த்தைத் தேடிப் போகும். ஸ்ட்ரீமரிலிருந்து டிஏசி, டிஏசியிலிருந்து ஆர்சிஏ கேபிளின் வெளிச்சுற்று, அங்கிருந்து ஆம்ப், ஆம்பின் எர்த். வழியில் உள்ள ஆர்சிஏ கேபிளின் வெளிச்சுற்று ஒலிச் சிக்னலுக்கும் பூஜ்ஜியம் என்பதுதான் சிக்கல்.

எவ்வளவு கெடுக்கும் என்று கணக்குப் போடலாம். கசிவு 100 மைக்ரோஆம்பியர், கேபிள் வெளிச்சுற்றின் தடை 0.1 ஓம் என்றால் உருவாகும் மின்னழுத்தம் 10 மைக்ரோவோல்ட். 2 வோல்ட் சிக்னலோடு ஒப்பிட்டால் 106 டெசிபல் கீழே. கேட்காது. ஆனால் ஆர்சிஏ பிளக் துருப்பிடித்து 1 ஓம் ஆகிவிட்டால் 86 டெசிபல். அமைதியான அறையில், திறன் மிக்க ஸ்பீக்கரில் காது வைத்தால் தெரியலாம். இரண்டு கருவிகள் தனித்தனியாக எர்த் ஆகி நடுவில் வளையம் உருவானால் மில்லிஆம்பியர் கணக்கில் ஓடும். அதே 0.1 ஓமில் 10 மில்லிஆம்பியருக்கு 66 டெசிபல் கீழே. அதுதான் நாம் எல்லோரும் அறிந்த ஹம்.

கண்டுபிடிக்கும் முறை இது. பாட்டை நிறுத்துங்கள், வால்யூமை வழக்கமாகக் கேட்கும் இடத்தில் வையுங்கள், ட்வீட்டர் பக்கத்தில் காதைக் கொண்டுபோங்கள். யாரும் ரிமோட்டைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். முதலில் ஈதர்நெட். இரைச்சல் குறைந்தால் கேபிள் ஷீல்டு உள்ளதா என்று பாருங்கள். ஈதர்நெட் இணைப்பில் டிரான்ஸ்ஃபார்மர் இருப்பதால் சிக்னல் கம்பிகள் ஏற்கெனவே தனிமைப்பட்டவைதான். உலோகப் பிளக் வைத்த ஷீல்டு கேபிள் அந்தத் தனிமையைத் தாண்டி ரவுட்டரின் கிரவுண்டை இழுத்துவந்து ஒட்டிவிடுகிறது. "உயர்ந்தது" என்று வாங்கிய கேபிளைவிடச் சாதாரணக் கேபிள் நன்றாக இருப்பது இதனால்தான்.

ஈதர்நெட் குற்றவாளி இல்லை என்றால், ஸ்ட்ரீமரை அடாப்டரிலிருந்து பவர் பேங்குக்கு மாற்றுங்கள். சார்ஜர் அதில் செருகியிருக்கக் கூடாது. பேட்டரி என்றால் சுத்தம் என்று நினைத்து இதைச் செய்யவில்லை. பவர் பேங்க்குக்குள்ளும் 3.7 வோல்ட்டை 5 ஆக்க ஸ்விட்சிங் சுற்றுதான் இருக்கிறது, டிசி அப்படியொன்றும் சுத்தமில்லை. ஆனால் அதற்குச் சுவரோடு தொடர்பு இல்லை. பவர் பேங்கில் இரைச்சல் மறைந்தால் குறை டிசியில் இல்லை, கிரவுண்ட் பாதையில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். மறையாவிட்டால் குறை டிஏசியிலோ ஆம்பிலோ. ஸ்ட்ரீமருக்குப் புது சப்ளை வாங்கினால் தீராது. இந்த ஐந்து நிமிடச் சோதனையைச் செய்யாமல் சப்ளை வாங்கியவர்கள்தான் அதிகம்.

பாதை என்று தெரிந்ததும் மருந்து சுலபம். முடிந்தால் ஆப்டிகல் கேபிள். அதில் மின்சாரமே போகாது. ஆனால் பொதுவாக 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் வரைதான் நம்பலாம், 192 சில கருவிகளில் ஓடும், சிலவற்றில் திக்கும். ஆம்பில் பேலன்ஸ்டு (சிக்னலுக்கு இரண்டு கம்பி, கிரவுண்ட் தனி) உள்ளீடு இருந்தால் அதை எடுங்கள். கிரவுண்டில் ஓடும் இரைச்சல் சிக்னலில் சேராது. எல்லாக் கருவிகளையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் செருகுவது, ஆர்சிஏ பிளக்குகளைச் சுத்தம் செய்வது ஆகியவை செலவில்லாதவை. யூஎஸ்பி ஐசோலேட்டர் வாங்குவதானால் ஹைஸ்பீடு என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பழைய வகை ஐசோலேட்டர்கள் நொடிக்கு 12 மெகாபிட் வேகத்தோடு நின்றுவிடும், உயர் சாம்பிள் ரேட் அவற்றில் போகாது.

6. இப்போது லீனியர் சப்ளை பற்றி யோசிக்கலாம்

இங்கே வந்து சேர்ந்தவர்களுக்குச் சப்ளை தேவையா இல்லையா என்று பெரும்பாலும் தெரிந்திருக்கும். ஒரே பெட்டியில் டிஏசியும் ஸ்ட்ரீமரும் இருந்து, அனலாக் பகுதிக்கும் அதே 5 அல்லது 12 வோல்ட்தான் போகிறது என்றால் நல்ல சப்ளைக்கு வேலை இருக்கலாம். தனி டிஏசிக்கு யூஎஸ்பியில் தகவல் மட்டும் அனுப்பும் ஸ்ட்ரீமர் என்றால் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு உண்மையை நினைவில் வையுங்கள். வெளியே எவ்வளவு அழகான லீனியர் சப்ளை வைத்தாலும், ஸ்ட்ரீமருக்குள் பிராசஸருக்கும் நினைவகத்துக்கும் தேவையான 3.3, 1.8 வோல்ட்களை அநேகமாகச் சின்னச் சின்ன ஸ்விட்சிங் சுற்றுகள்தான் உருவாக்குகின்றன. இரைச்சலின் பெரும் பகுதி பெட்டிக்குள்ளேயே பிறக்கிறது.

வாங்குவது என்று முடிவு செய்தால் மூன்று விஷயங்கள். முதலாவது கொள்ளளவு. ஸ்ட்ரீமர் சராசரியாக 1 ஆம்பியர் எடுத்தாலும், துவங்கும்போதும் வைஃபை அனுப்பும்போதும் அதைவிட அதிகம் இழுக்கும். உற்பத்தியாளர் சொன்ன ஆம்பியருக்குக் குறையாமல் எடுங்கள். அளவு குறைந்த லீனியர் சப்ளை, நல்ல ஸ்விட்சிங் அடாப்டரைவிட மோசம். வீட்டு மின்னழுத்தம் கொஞ்சம் தாழ்ந்தாலும் ரெகுலேட்டருக்குத் தேவையான இடைவெளி போய், 100 அல்லது 120 ஹெர்ட்ஸ் ஏற்ற இறக்கம் அப்படியே வெளியே வந்துவிடும்.

இரண்டாவது சூடு. உள்ளே 9 வோல்ட், வெளியே 5 வோல்ட், 2 ஆம்பியர் என்றால் 8 வாட் வெப்பமாகப் போகிறது. மூடிய அலமாரிக்குள் வைக்காதீர்கள். கெபாசிட்டர்களின் ஆயுளைச் சூடு தின்றுவிடும்.

மூன்றாவது, பலரும் சறுக்கும் இடம். சில லீனியர் சப்ளைகளில் டிசி நெகட்டிவ் எர்த்தோடு இணைந்திருக்கும். ஆம்பும் எர்த் ஆகியிருந்தால் முந்தைய படியில் சொன்ன வளையம் புதிதாக உருவாகிவிடும். ஹம் இல்லாத செட்டில் காசு கொடுத்து ஹம்மை வரவழைத்தது போல. சுவரில் பிளக்கைச் செருகும் முன், மல்டிமீட்டரைத் தொடர்ச்சி பார்க்கும் நிலையில் வைத்து டிசி நெகட்டிவுக்கும் பிளக்கின் எர்த் பின்னுக்கும் இடையே அளந்து பாருங்கள்.

விளம்பரங்களில் வரும் இரைச்சல் எண்களையும் அளவோடு பாருங்கள். எல்எம்317 என்ற பழைய ரெகுலேட்டரின் இரைச்சல் வெளியீட்டில் 0.003 சதவீதம், அதாவது 5 வோல்ட்டுக்கு 150 மைக்ரோவோல்ட். எல்டி3045 போன்ற இன்றைய ரெகுலேட்டரில் அது 0.8 மைக்ரோவோல்ட். வித்தியாசம் பெரிதுதான். ஆனால் அந்த 0.8, ரெகுலேட்டரின் காலடியில். ஒரு மீட்டர் கேபிளைக் கடந்து, பிராசஸரின் துள்ளலும் சேர்ந்த பிறகு அந்த எண்ணுக்குப் பொருள் இல்லை. இப்படிப்பட்ட ரெகுலேட்டர் இருக்க வேண்டிய இடம் ஆசிலேட்டருக்குப் பக்கத்தில்.

7. கிளாக்கை அளந்து பார்த்துவிட்டுத் தொடுங்கள்

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) என்று எழுதியிருப்பது கிளாக்கின் சராசரி வேகம் எவ்வளவு துல்லியம் என்பது. 50 பிபிஎம் பிழை என்றால் 440 ஹெர்ட்ஸ் சுரம் 440.022 ஆகும். எந்தக் காதுக்கும் தெரியாது. நமக்கு வேண்டியது ஒவ்வொரு துடிப்புக்கும் இடையே உள்ள ஆட்டம், அதாவது ஜிட்டர் அல்லது ஃபேஸ் நாய்ஸ். 0.1 பிபிஎம் கிளாக் என்று பெருமையாகப் போட்டு, ஃபேஸ் நாய்ஸ் பற்றி ஒரு வரிகூட எழுதாத பொருளை ஒதுக்கிவிடுங்கள்.

எவ்வளவு ஜிட்டர் கெடுதல்? 20 கிலோஹெர்ட்ஸ் முழு அளவுச் சிக்னலில் 16 பிட்டின் இரைச்சல் தளத்தைத் தொட சுமார் 100 பிகோசெகண்ட் ஆட்டம் போதும். 1 கிலோஹெர்ட்ஸில் அதே கெடுதலுக்கு 2 நானோசெகண்ட் வேண்டும். இது கணக்கு. காது இவ்வளவு கூர்மை இல்லை. ஜப்பானிய ஆய்வாளர்கள் 2005இல் வெளியிட்ட சோதனையில், இசையில் தற்செயல் ஜிட்டரைக் கேட்டவர்கள் கண்டுபிடிக்கப் பல நூறு நானோசெகண்ட் தேவைப்பட்டது.

வீட்டில் அளக்க முடியுமா? நல்ல யூஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒன்றும், சிக்னலை அதிர்வெண் வாரியாகப் படமாகக் காட்டும் இலவச மென்பொருள் ஒன்றும் இருந்தால் ஓரளவு முடியும். ஜூலியன் டன் வடிவமைத்த ஜே-டெஸ்ட் சிக்னலை ஓடவிடுங்கள். 44.1 கிலோஹெர்ட்ஸில் அது 11.025 கிலோஹெர்ட்ஸ் சுரம். கூடவே மிகச் சிறிய ஒரு சதுர அலை. ஜிட்டர் இருந்தால் சுரத்தின் இருபுறமும் சம தூரத்தில் கிளைகள் முளைக்கும். 10 கிலோஹெர்ட்ஸ் சுரத்தில் 1 நானோசெகண்ட் உச்சமுள்ள ஜிட்டர், சுமார் 90 டெசிபல் கீழே கிளைகளை உருவாக்கும். 16 பிட் ஜே-டெஸ்ட் கோப்பிலேயே சிறு கிளைகள் உண்டு. கோப்பை அப்படியே மென்பொருளில் திறந்து அதன் படத்தை முதலில் பார்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் கோப்பின் குணத்தைக் கருவியின் குறை என்று எழுதிவிடுவீர்கள்.

கிளைகள் 100 அல்லது 120 ஹெர்ட்ஸ் தள்ளி நின்றால் கவனியுங்கள். சப்ளையின் ஏற்ற இறக்கம் சிக்னலுக்குள் நுழைந்திருக்கிறது. ஆனால் கிளாக் வழியாகவா, டிஏசியின் ரெஃபரன்ஸ் மின்னழுத்தம் (வெளியீட்டின் அளவுக்கு அடிப்படையாக டிஏசி எடுத்துக்கொள்ளும் மின்னழுத்தம்) வழியாகவா? பிரித்தறிய 1 கிலோஹெர்ட்ஸ், 10 கிலோஹெர்ட்ஸ் இரண்டிலும் அளந்து பாருங்கள். 10இல் தெரிந்த கிளைகள் 1 கிலோஹெர்ட்ஸில் 20 டெசிபல் இறங்கினால் அது ஜிட்டர். இரண்டிலும் ஒரே அளவு என்றால் கிளாக்கில் குறை இல்லை, ரெஃபரன்ஸ் மின்னழுத்தம் ஆடுகிறது. கிளாக்கை மாற்றிப் பயனில்லை. இந்த ஒரு சோதனை தேவையற்ற பல கிளாக் மாற்றங்களைத் தடுத்திருக்கிறது.

ஆசிலேட்டரை மாற்றத்தான் வேண்டும் என்றால்: அதிர்வெண்ணும் மின்னழுத்தமும் பழையதோடு ஒத்துப்போக வேண்டும். புதியது பழையது இருந்த இடத்திலேயே உட்கார வேண்டும். பெரிய கிளாக் பலகையை நீண்ட கம்பியில் தொங்கவிட்டு இணைத்தால், வழியில் பிடிக்கும் இரைச்சல் புது ஆசிலேட்டரின் நன்மையைத் தின்றுவிடும்.

8. வெளிப்புற 10 மெகாஹெர்ட்ஸ் கிளாக்

இதில் அதிகம் சொல்ல இல்லை. 10 மெகாஹெர்ட்ஸ் என்பது 22.5792இன் எளிய பங்கு அல்ல. கருவிக்குள் இருக்கும் இன்னொரு சுற்று அதைப் பிடித்து ஆடியோ அதிர்வெண்ணாக மாற்ற வேண்டும். இறுதி ஜிட்டரைப் பெரிதும் தீர்மானிப்பது அந்தச் சுற்று. ரூபிடியம் கிளாக்கின் பெருமை நாள் கணக்கில், மாதக் கணக்கில் பிசகாமல் இருப்பது. பாட்டுக்கு வேண்டியது அது அல்ல. ஒலிப்பதிவுக் கூடத்தில் பல கருவிகள் ஒரே தாளத்தில் ஓட வேண்டும், அங்கே பொதுக் கிளாக் தேவை. ஒரு ஸ்ட்ரீமர், ஒரு டிஏசி உள்ள வீட்டில் நான் பரிந்துரைப்பதில்லை. ஏற்கெனவே வைத்திருந்தால் கேபிள் 50 ஓமா 75 ஓமா என்று இரண்டு பக்கமும் பார்த்து இணையுங்கள்.

9. காதால் ஒப்பிடும் முறை

அளவீடு போதாது, கேட்டுத்தான் முடிவு செய்வேன் என்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. முறையாகக் கேளுங்கள் என்பதுதான் வேண்டுகோள்.

சாதாரணமாகச் சப்ளை மாற்றினால் வால்யூம் மாறாது. டிஏசியையோ இணைப்பையோ மாற்றினால் மாறும். கொஞ்சம் உரத்து வருவது "தெளிவாக" இருப்பதாகத்தான் தோன்றும். ஆகவே 400 ஹெர்ட்ஸ் சுரம் ஒன்றை ஓடவிட்டு, ஸ்பீக்கர் முனைகளில் ஏசி வோல்ட் அளந்து 0.1 டெசிபலுக்குள் சமன் செய்யுங்கள். 2.00 வோல்ட்டுக்கு 2.02 வரை போகலாம். மீட்டர் முனைகள் ஒன்றோடொன்று உரசாமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஆம்புக்கு ஆகாது.

பிறகு வேறொருவரை மாற்றச் சொல்லுங்கள். எது ஓடுகிறது என்று அவர் சொல்லக் கூடாது, அவர் முகமும் தெரியக் கூடாது. ஒவ்வொரு முறையும் நாணயம் சுண்டி அவர் முடிவு செய்யட்டும். 16 முறையில் 12 அல்லது அதற்கு மேல் சரியாகச் சொன்னால், வெறும் ஊகத்தில் அப்படி வர வாய்ப்பு 4 சதவீதத்துக்கும் குறைவு. 9, 10 என்றால் நாணயம் சுண்டியதற்குச் சமம். நானே பலமுறை 9இல் நின்றிருக்கிறேன். அந்தப் பொருட்கள் எல்லாம் திரும்பிப் போயின.

"நூறு மணி நேரம் ஓடவிட்டால்தான் ஒலி திறக்கும்" என்று சொல்லி விற்பவர்கள் உண்டு. நூறு மணி நேரம் முடிவதற்குள் திருப்பித் தரும் காலம் முடிந்துவிடுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

10. ஒரு வாரம் கழித்துப் பழையதை மாட்டுங்கள்

புதியது வந்த உற்சாகத்தில் எல்லாமே நன்றாகத்தான் கேட்கும். ஒரு வாரம் கேட்டபின் பழைய அடாப்டரைத் திரும்ப மாட்டி, 5ஆம் படியின் இரைச்சல் சோதனையையும் 4ஆம் படியின் வோல்ட் அளவையும் மறுபடி எடுங்கள். நோட்டில் உள்ள எண்களோடு ஒப்பிடுங்கள். எண்ணும் மாறவில்லை, பழையதில் எதையும் இழந்ததாகத் தோன்றவும் இல்லை என்றால் புதியதைத் திருப்பி அனுப்பிவிடலாம். மாறியிருந்தால், பழைய அடாப்டரை எந்த ஸ்ட்ரீமருக்கு உரியது என்று எழுதி ஒட்டி எடுத்து வையுங்கள். அடுத்த முறை குறை வரும்போது முதலில் தேடப்போவது அதைத்தான்.